செயின்சா நின்றதும் தேத்தண்ணி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் போனில் தட்டுகிறாள். நான் பேசுகிறபடியே போட்டால் நன்றாக இருக்காது என்று அவளே கொஞ்சம் புத்தகத் தமிழாக்கிக்கொள்கிறாள். அன்றைக்கு யார் வாயில் என்ன வந்ததோ அதை மட்டும் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். நான் அளவுக்கு மீறிப் பேசினால் வெட்டிவிடு என்றும் சொல்லியிருக்கிறேன். வெட்டுவதுதானே அவள் தொழில்.

ஆமாம், என் மகள் மரம் வெட்டுகிறவள். அவள் அப்பாவும் மரம் வெட்டுகிறவர். நான் தேத்தண்ணி போடுகிறவள்.

என் வீட்டுக்காரர் செயின்சா பிடிக்கத் தொடங்கியது எஸ்டேட்டில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்த காலத்தில். அது எண்ணெய் ஊற்றி ஓட்டுகிற மிஷின். கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஒரு இழுப்புக்கு இருமும், இன்னொரு இழுப்புக்குத் தும்மும், அதற்குப் பிறகுதான் கத்த ஆரம்பிக்கும். அறுக்கிறபோது அதன் கத்தல் எஸ்டேட்டின் பக்கத்து டிவிஷனுக்கே கேட்கும். கையைத் தளர்த்தினால் 'டுக்குடுக்கு' என்று தனக்குள் முனகிக்கொண்டிருக்கும். முனகல் இருக்கிறவரை மேலே வேலை நடக்கிறது, மரத்தடிக்கு யாரும் போகக்கூடாது. முனகலும் அடங்கிவிட்டால் மரம் விழுந்தாகிவிட்டது, மிஷினை அணைத்துவிட்டார், தேத்தண்ணி கொண்டுபோகலாம்.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. குழந்தைக்குப் பசி வந்தால் தாய்க்குத் தெரிகிற மாதிரி அது எப்படியோ பழகிவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருப்பேன், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன், எதுவானாலும் அந்தச் சத்தம் அடங்கியதும் என் கை தானாக இஞ்சியைத் தட்டப் போய்விடும். கெட்டிப்பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, ஆடை படியாமல் ஆற்றி, மேலே சாசர் கவிழ்த்துக் கொண்டுபோவேன். ஒருநாளும் அவர் ஆறின தேத்தண்ணி குடித்தது கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமுண்டு.

அவர் என்னைக் கூப்பிட்டதும் கிடையாது. அதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் காலத்தில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. பெண்டாட்டி பேரைப் புருஷன் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் என் ஆள் கூச்சக்காரர். கல்யாணமான புதிதில் "இந்தா" என்பார். மகள் பிறந்ததும், நான் எதிரிலேயே நிற்க, தொட்டில் பிள்ளையிடம் "ஒங்கம்மாவ உப்பு கொண்டாரச் சொல்லு" என்பார். அது என்ன செய்யும், பாவம், காலை உதைத்துக்கொண்டு சிரிக்கும். கொஞ்சம் வயதானதும் எல்லாவற்றுக்கும் "ஏய்" ஆகிவிட்டது. எனக்கும் ஏய், மகளுக்கும் ஏய், சமையலறைக்குள் வந்துவிடுகிற பூனைக்கும் ஏய். எங்கள் அப்பா அம்மா போன பிறகு என் பேரைச் சொல்ல ஆளே இல்லை. அக்கம்பக்கத்தில் அக்கா, ஆன்டி. கிளினிக்கில் முன்பு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இப்போது அங்கேயும் நம்பர்தான்.

எஸ்டேட்டை விட்டு வந்து பண்டார் தெங்காரா என்கிற ஊரில் குடியேறி ரொம்ப நாளாகிறது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. அது போதாதென்று ஜனங்கள் வீட்டு வாசலிலும் மரம் வைப்பார்கள். கை நீளத்துக்கு ஒரு மாங்கன்றைக் கொண்டுவந்து வேலியோரம் நடுவார்கள். அது வளர்ந்து, கூரைமேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்த பிறகு, "அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க" என்று இவரிடம் ஓடி வருவார்கள். இவரும் போவார். மரத்தைச் சுற்றி வருவார், அண்ணாந்து பார்ப்பார், பட்டையைத் தட்டிப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

போன மழைக்காலத்தில்தான் அவர் கையைக் கவனித்தேன். காலையில் எழுந்தால் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப்போயிருக்கும். கிள்ளினாலும் தெரியாது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்று திணறுவார். நான் போய்ப் போட்டுவிடுவேன். அந்த நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பேசாமல் போட்டுவிட்டு வந்துவிடுவேன். நான் பேசாமலிருந்தேன் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

டாக்டர் சின்னப் பெண். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த மிஷினின் அதிர்வு விரலில் ரத்த ஓட்டத்தைக் கெடுத்திருக்கிறது, இனிமேல் அதைப் பிடிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது அந்த மிஷினைப் பற்றி. இவர் காதில் விழுந்தது, இனிமேல் உனக்கு வேலை இல்லை என்று. வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தவர், டிவியைப் போடாமலேயே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு மாமரம்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா. நான் அவளைக் காக் என்பேன், மலாயில் அக்கா. அவள் என்னைத் தமிழில் அக்கா என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவள் என்று இன்றுவரை தீரவில்லை, இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நான் ஓட்டை மலாயில் பேசுவேன், அவள் எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருந்து பிடித்துக்கொண்ட தமிழில் பதில் சொல்வாள். அவள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கெண்டுரி விருந்து வீட்டு வாசலிலேயே. அங்கே பந்தல் போட வேண்டும். பந்தல் வரவேண்டிய இடத்தில் மாமரத்தின் பெரிய கிளை ஒன்று சாய்ந்து நின்றது. கையில் வெளுப்பு வருவதற்கு முன்பே இவர், "கவலப்படாதீங்க, நானே எறக்கித் தரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

டாக்டர் சொன்னதைக் கேட்காமல் ஒரு காலையில் எண்ணெய் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். கயிற்றை இழுத்தார். இருமியது. மறுபடியும் இழுத்தார். விரல்களுக்குள் பிடி நிற்காமல் கயிறு நழுவி உள்ளே ஓடிவிட்டது. கையை உதறினார், தேய்த்தார், திரும்ப இழுத்தார். பிறகு மிஷினைக் கீழே வைத்துவிட்டு அந்த மாமரத்து வேரிலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் தொடங்கவே இல்லை, ஆனாலும் நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"வேற ஆளு பாக்கச் சொல்லிடு" என்றார், தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே. "இந்த மரத்த இன்னொருத்தன் வெட்டுனான்னா, மிசின பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிப் போட்டுருவேன். அப்பறம் எனக்கு மரமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

இவர் சொன்னால் செய்கிறவர். வேலை இல்லாமல் சோபாவில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப்போய்விடுவார்கள். அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டேன். போன் போடத் தெரியும், அவள் படத்தைத் தொட்டால் போதும்.

மகள் தூரத்தில், கெலாங் பாத்தாவில் இருக்கிறாள். அந்தப் பக்கமுள்ள புதுக் குடியிருப்புகளில் ரோட்டோர மரங்களை வெட்டிச் சீராக்குகிற கம்பெனியில் வேலை. அவளுக்குக் கீழே ஆட்கள் உண்டு, ஆனாலும் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவளே ஏறிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வந்தாள், கையில் ஒரு பெட்டியோடு. உள்ளேயிருந்து பளபளவென்று ஒரு சின்ன மிஷினை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

இவர் எட்டிப் பார்த்தார். "என்னாது இது?"

"செயின்சாப்பா. பேட்டரி."

"இதா? முடி வெட்றதுன்னு நெனச்சேன்."

"ஆமாப்பா, ஒங்களுக்குத்தான் வெட்டறதுக்கு முடியே இல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் வழுக்கையைத் தடவிக்கொண்டே மிஷினைத் தூக்கிப் பார்த்தார். தூக்கினவர் உடனே கீழே வைக்கவில்லை, அதை நான் கவனித்துக்கொண்டேன்.

"கயிறு எங்க?"

"கயிறு கெடையாது. இத அமுக்குங்க, அப்பறம் இத இழுங்க, அவ்ளோதான். எங்க கம்பெனில எல்லாரும் இதுக்கு மாறியாச்சு. கொண்டோ அடுக்குமாடில உள்ளவங்க சத்தம் போடக்கூடாதுன்னு கம்ப்ளேன் மேல கம்ப்ளேன் லா. பொகையும் கெடையாது. கை அவ்வளவா அதிராது, அதான் முக்கியம்."

"பெரிய மரத்துக்கு என்னா பண்ணுவ? காட்டுக்குள்ள எந்த மரத்துல பிளக் மாட்டுவ?"

"பெரிய அடிமரத்துக்கு ஒங்க பழசுதான். நான் இல்லன்னு சொல்லல. கிளை கழிக்கிறதுக்கு இது."

"மழ பேஞ்சா?"

"மழ பேஞ்சா மனுசனும்தான் மரத்துல ஏறக்கூடாது."

இப்படியே அன்று மத்தியானம் வரை இரண்டு பேரும் வாதாடினார்கள். சண்டை இல்லை, இரண்டு பேருக்கும் இது ஒரு விளையாட்டு. நடுவில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பிளக் வேண்டும் என்று மகள் என் கரண்டுச் சோற்றுப் பானையின் பிளக்கைக் கழற்றிவிட்டாள். அதை நான் பார்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்து மூடியைத் திறந்தால் அரிசி தண்ணீரில் நீச்சலடித்துக்கொண்டிருக்கிறது. "பாத்தியா, எண்ணெ மிசினு யாரு சோத்துலயாவது கை வெச்சுச்சா?" என்று கேட்டார் இவர். அன்றைக்கு ரொட்டி சானாய் வாங்கிச் சாப்பிட்டோம். மகள் இந்த இடத்தில் முறைக்கிறாள். சரி, மிஷினுக்கே வருகிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் கிடந்த ஒரு நங்கா, அதாவது பலா மரத்துண்டில் வைத்துப் பார்த்தார். ஒரு பெரிய குளவி பறக்கிற மாதிரி 'விர்ர்' என்றது, அவ்வளவுதான். கையை எடுத்தால் கப்சிப். முனகல்கூடக் கிடையாது. துண்டு விழுந்துவிட்டது. அவர் துண்டைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், ஏதோ ஏமாற்றிவிட்டதைப் போல.

"அட, வெட்டுது" என்றார்.

"அப்பா, சங்கிலிக்கு எண்ணெ ஊத்துனீங்களா?"

"கரண்டு மிசினுக்கு எதுக்கு எண்ணெ?"

"கரண்டு ஓட்டறதுக்குப்பா. சங்கிலிக்கு இதுலயும் எண்ணெ வேணும்."

எண்ணெய் வேண்டும் என்றதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததே, பார்க்க வேண்டும். பழைய சிநேகிதன் ஒருவனை அறிமுகமில்லாத வீட்டில் பார்த்த மாதிரி. தானே ஊற்றினார், தானே துடைத்தார். இன்னொன்றையும் மகள் கண்டிப்பாகச் சொன்னாள்: இது சத்தமில்லாமல் இருந்தாலும் உயிரோடுதான் இருக்கும், சங்கிலியைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றியே ஆகவேண்டும். அவர் தலையாட்டினார். சத்தமில்லாமல் இருந்தாலும் உயிரோடு இருக்கும். அது மிஷினைத் தொடுகிறவருக்கு என்று நினைத்து நான் பாட்டுக்கு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் சட்டையை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அன்றைக்கு விரல் வெளுக்கவில்லை. அவரே பொத்தான் போட்டுக்கொண்டார். கடைசிப் பொத்தானை மட்டும் விட்டுவைத்திருந்தார், மறந்தாரோ எனக்கென்று விட்டாரோ, நான் போட்டுவிட்டேன்.

மாமரம் வெட்டுகிற நாள் வந்தது. மகள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அப்பாவுக்கு ஹெல்மெட்டும் இடுப்புப் பெல்ட்டும் மாட்டினாள். "இத்தன வருசம் சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறுனவன்" என்று முணுமுணுத்தாலும் கட்டிக்கொண்டார். ஏணி வைத்து ஏறி, மரம் இரண்டாகப் பிரிகிற கவட்டில் உட்கார்ந்தார். மகள் கீழே கயிறு பிடித்தாள். நானும் காக்கும் அவள் வீட்டு வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தோம்.

முதலில் சில்லறைக் கிளைகள். விர்ர் என்றால் ஒன்று விழும். அமைதி. விர்ர் என்றால் இன்னொன்று. எண்ணெய் மிஷினாக இருந்திருந்தால் இந்நேரம் காக் வீட்டுக் கோழிகள் கெலாங் பாத்தாவுக்கே ஓடியிருக்கும். அன்று அவை மரத்தடிக்குச் சற்றுத் தள்ளி நின்று கிளறிக்கொண்டிருந்தன. நாங்களும் கத்தாமல் பேச முடிந்தது. அதுதான் வம்பாகிவிட்டது.

"ராத்திரி இவரு கொறட்டைல எனக்குத் தூக்கமே இல்ல காக்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் ஒண்ணும் கொறட்ட விடல" என்றது மரம்.

காக் வெங்காயத்தைப் போட்டுவிட்டு மேலே பார்த்தாள். "அலமாக்! கேக்குதா அங்க?"

"எல்லாம் கேக்குது. நேத்து வெச்ச கறிக்குழம்பப் பத்தி சொன்னதும் கேட்டுச்சு."

இத்தனை வருஷம் மரத்தில் ஏறினால் இவர் வேறு உலகத்தில் இருப்பார். அந்தச் சத்தத்துக்குள்ளே போய்விட்டால் அவருக்கு நானும் கிடையாது, ஊரும் கிடையாது. அன்றைக்கு இலைகளுக்குள்ளிருந்து பதில் பேசுகிற புருஷனைப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேண்டுமென்றே அவர் தங்கையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன். அதற்கும் பதில் வந்தது.

சில்லறை முடிந்து பெரிய கிளைக்குப் போனார். நான் எழுந்து எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்தேன், தண்ணீர் கொதிக்க வைக்கலாம் என்று. இங்கேதான் நடந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த வரைக்கும் அவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்ததும் கண் போய்விட்டது, காதுதான் மிச்சம். காது பழைய காது. விர்ர் என்று நெடுநேரம் கேட்டது. பிறகு நின்றது. முனகலும் இல்லை. என் கை இஞ்சியைத் தட்டியது, பால் ஊற்றியது, ஆற்றியது, சாசரைக் கவிழ்த்தது. நான் யோசிக்கவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு, வேலியில் வாழைப் பக்கமாக உள்ள இடைவெளி வழியே நேராக மாமரத்தடிக்கு நடந்தேன்.

அவர் முடிக்கவில்லை. கிளையைப் பெரும்பாகம் அறுத்துவிட்டு, கால் மாற்றி வைக்க மிஷினின் விசையை விட்டிருக்கிறார், அவ்வளவுதான். கிளை கொஞ்சம் மரத்தில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. மகள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நிற்கிறாள்.

"ஏய்!" என்று மேலேயிருந்து சத்தம்.

"என்னப்பா?" என்றாள் மகள், அண்ணாந்து பார்த்து.

"என்ன, என்ன?" என்றாள் காக், வாசலிலிருந்து.

நான் நடந்துகொண்டே இருந்தேன். மகளைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் ஏய் என்றால் அது யாராகவும் இருக்கலாம், பூனையாகக்கூட இருக்கலாம்.

"ஏய்! ஏய்!"

யாரோ கவனிக்கவில்லை போல என்று நான் தட்டைப் பார்த்தபடி இன்னும் ஓரடி வைத்தேன். அப்போது அவர் என் பேரைச் சொல்லிக் கத்தினார்.

என் பேரை. முழுப் பேரை. அந்தக் குரல் ரப்பர்க் காட்டுக்குள்ளே மரம் சாய்கிறபோது "ஒதுங்கு" என்று கத்துகிற குரல். என் கால் அப்படியே மண்ணில் ஊன்றிவிட்டது. எங்கள் அப்பா கூப்பிட்டால் நிற்பேனே, அந்த மாதிரி. நான் நின்றதும் முன்னால் படீரென்று ஒரு சத்தம். கிளை முறிந்து வந்தது. கயிறு பாதி பிடித்துக்கொண்டது. மிச்சம் நான் அடுத்த அடி வைத்திருக்க வேண்டிய இடத்தில் வந்து குத்தியது. இலைக் கொத்து என் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டு போனது. தேத்தண்ணி கோழிகளுக்குப் போயிற்று.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. தலையில் இரண்டு மாவிலை, தோரணம் கட்டின மாதிரி.

அவர் எப்படி இறங்கினார் என்று தெரியாது. ஏணியில் பாதியையும் காற்றில் பாதியையும் மிதித்திருக்க வேண்டும். வந்து என் தோளைப் பிடித்துப் பார்த்தார், தலையைத் தொட்டுப் பார்த்தார், போய் அந்த வேரிலேயே உட்கார்ந்தார். பேட்டரியைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்க. நான் ஏறல. கொரைக்கிற நாயே தேவல, இது கொரைக்காமலே கடிச்சிருக்கும்."

"அப்பா..."

"போதும்னு சொல்லிட்டேன்ல."

கயிறு நழுவிய அன்றைக்கு அதே வேரில் உட்கார்ந்து அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இப்போது எழுப்பாவிட்டால் இவர் எழ மாட்டார். சோபாதான். நான் முன்னால் போய் நின்றேன்.

"மிசினு என்னா பண்ணும்? இத்தன வருசமா ஒங்க மிசினுதான் என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுச்சு. இப்ப வந்ததுக்கு வாயில்ல. ஒங்களுக்கு இருக்குல்ல? முடிஞ்சதும் நீங்க கூப்பிடுங்க, அப்ப வரேன். கூப்பிடலன்னா வரல."

"எப்புடிக் கூப்பிடறது?"

"இப்ப எப்புடிக் கூப்பிட்டீங்க?"

அவர் மண்ணைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "அது பயத்துல வந்துருச்சு."

"பயமில்லாம ஒரு தடவ வரட்டும்."

காக் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள். "அக்கா, அவரு ஒரு பேரு கத்துனாரே, அது யாரு?"

"நான்தான்."

"நீயா! ஒனக்குப் பேரு இருக்கா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தப் பேரைத் தானும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், பலகாரம் ருசி பார்க்கிற மாதிரி. "நல்லாருக்கே! இவ்ளோ நாளு ஏன் ஒளிச்சு வெச்ச?"

மகள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "எங்க கம்பெனில விசில் வெச்சிருக்கோம்பா. ஆள் உள்ள வந்தா ஒரே ஊது. நான் ஒண்ணு தரேன்" என்றாள்.

"ஆ, விசிலு!" இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது போதும். தேத்தண்ணிக்கும் அதையே ஊதிக்கிறேன்."

"நான் என்ன கோழியா, ஊதுனா ஓடி வர்றதுக்கு?" என்றேன்.

மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. "விசில் ஆபத்துக்குப்பா," என்றாள் திரும்பாமலேயே. "தேத்தண்ணிக்கு வாயிதான்."

அதுவே தீர்ப்பாகிவிட்டது. விசிலை அவர் கழுத்தில் மாட்டினாள் மகள். அதோடு, கிளை தரைக்கு வருகிறவரை யாரும் தாண்டக்கூடாது என்று மரத்தைச் சுற்றிக் காக்கின் துணிக்கொடியை இழுத்துக் கட்டினாள். அதிலேயே இரண்டு துண்டும் காய்ந்துகொண்டிருந்தது.

விழுந்த கிளையின் அடிப்பாகம் நல்ல பருமன். பேட்டரி மிஷின் அதில் பாதி போய் மூச்சு வாங்கியது. மகள் எண்ணெய் மிஷினை எடுத்து ஒரே இழுப்பில் கிளப்பினாள். அடேயப்பா! புகை, கத்தல், கோழிகள் போன இடம் தெரியவில்லை, காக் ஜன்னலையெல்லாம் சாத்தினாள். இவர் மட்டும் வேரில் உட்கார்ந்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைக்கூட ஆட்டினார். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும், பொய் சொல்வானேன். என் வீட்டில் எத்தனையோ நாள் அடுப்பு மூட்ட வைத்த சத்தம் அது. துண்டுகள் ஆனதும் மகள் அதை அணைத்தாள். என் கை அப்போதும் இஞ்சியைத் தேடியது.

யாரும் சொல்லாமல் அவரேதான் கிளம்பினார். எழுந்தார், வேட்டியைத் தட்டுவது போலக் கால்சட்டையைத் தட்டினார், "அந்தப் பக்கத்துக் கிளை ஒண்ணு பந்தல்ல இடிக்கும்" என்றார் யாரிடமோ. மகள் இன்னொரு பேட்டரியை மாட்டிக் கொடுத்தாள். ஏணியில் ஏறினார்.

நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். தண்ணீர் கொதித்தது. விர்ர் என்றது, நின்றது. இஞ்சியைத் தட்டினேன், ஆனால் நகரவில்லை. மறுபடியும் விர்ர், மறுபடியும் அமைதி. பால் ஊற்றினேன். கிளை தரையில் உட்கார்கிற சத்தம் மெத்தென்று கேட்டது. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும். சாசரைக் கவிழ்த்துவிட்டு அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டேன்.

மரத்திலிருந்து ஒரு இருமல் வந்தது. எண்ணெய் மிஷின் இருமுகிற மாதிரியே.

"தேத்தண்ணி!" என்று கத்தினார்.

தேத்தண்ணி மேசைமேல்தான் இருந்தது. அதைத்தானே கூப்பிடுகிறார், அது வேண்டுமானால் போகட்டும். நான் போகவில்லை.

"ஒங்கம்மாவக் கூப்புடு" என்று மகளிடம் சொல்வது கேட்டது.

"என் கையில கயிறு இருக்குப்பா. நீங்களே கூப்புடுங்க."

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. சத்தமில்லாவிட்டாலும் உயிரோடுதான் இருக்கும் என்று மகள் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. பிறகு, மெதுவாக, இலைக்குள்ளிருந்து என் பேர் வந்தது. பாதிதான் வந்தது, மீதியை விழுங்கிவிட்டார். என்ன பேர் என்று இங்கே சொல்ல மாட்டேன். அது அவருக்கும் எனக்கும் மாமரத்துக்கும் தெரிந்த சங்கதி, இப்போது காக்குக்கும் தெரியும்.

"சரியா கேக்கல!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"அக்காவுக்குக் காது போச்சு, இன்னும் சத்தமா!" என்றாள் காக், பக்கத்து வீட்டிலிருந்து.

இந்தத் தடவை முழுதாக வந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர் வீட்டு நாய் எழுந்து குரைத்தது. நான் தட்டை எடுத்தேன், பிறகு திரும்ப வைத்தேன். இன்னொரு தடவை கூப்பிடுவார் என்று தோன்றியது.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று நின்றேன்.